பத்தாயிரம் விண்ணப்பங்களும் ஓர் ஆளுநரும்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காற்றின் மாசைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்று நிதித் துறைக்கு ஒரு வித்தியாசமான விண்ணப்பத்தை அனுப்பியது. சென்ற ஆண்டு இவ்வளவு வாங்கினோம், இந்த ஆண்டு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அந்தக் கூடமே இல்லாமல் போனால் என்ன ஆகும், ஆகக் குறைந்த பணத்தில் எதை மட்டும் செய்ய முடியும், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு செலவு, அந்தச் செலவால் மக்களுக்குக் கிடைப்பது என்ன என்று படிப்படியாக எழுதியிருந்தது.

முதல் படிக்கு 1,40,000 டாலர். இந்தப் பணத்தில் 37,300 பரிசோதனைகள் செய்யலாம். மாசு மிக மோசமாக உள்ள ஐந்து நகரப் பகுதிகளை மட்டும் கவனிக்கலாம். மாநில மக்களில் 70 சதவீதம் பேர் வாழும் இடங்கள் அதில் அடங்கிவிடும். இன்னும் 61,000 டாலர் கொடுத்தால் பரிசோதனைகள் 75,000 ஆகும், மக்களில் 80 சதவீதம் பேர் வரம்புக்குள் வருவார்கள். அதற்கும் மேல் 45,000 டாலர் கொடுத்தால் 90,000 பரிசோதனைகள், 90 சதவீத மக்கள். மிச்சம் நிற்பது மாசு அதிகம் இல்லாத கிராமப்புறம்தான். இதே வேலையை வெளியே ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்பந்தமாகக் கொடுத்தால் பரிசோதனைக்கு 6 டாலர் வீதம் 5,40,000 டாலர் ஆகும் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருந்தது. மூன்று படிகளையும் கூட்டினால் அரசுக் கூடத்தின் செலவு 2,46,000 டாலர். அதாவது ஒரு பரிசோதனைக்கு மூன்று டாலருக்கும் குறைவு. தனியாரிடமோ வெளியாரிடமோ கொடுத்தால் எதுவும் மலிவாகும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பூஜ்ய அடிப்படை பட்ஜெட் என்ற முறையை உலகுக்கு அறிமுகப்படுத்திய பீட்டர் பைர், அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க எடுத்துக்காட்டிய விண்ணப்பம் இது. அந்த முறையின் அழகு முழுவதும் இதில் தெரிகிறது. ஒரு ஆய்வுக்கூடத்துக்கு மூன்று தாள் போதும், முடிவெடுக்கிறவருக்குக் கையில் தெளிவான தேர்வு இருக்கும். ஒரு மாநில அரசு முழுவதையும் ஆண்டுதோறும் இப்படி எழுதச் சொன்னபோதுதான் வேறு கதை தொடங்கியது.

வழக்கமான பட்ஜெட்டில் சென்ற ஆண்டின் ஒதுக்கீடு கேள்விக்கு அப்பாற்பட்டது. அதன்மேல் எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் பேரம் நடக்கும். அரசியல் அறிஞர் ஆரன் வில்டாவ்ஸ்கி 1964-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார்: ஒவ்வொரு துறைக்கும் ஓர் அடித்தளத் தொகை, அதோடு புதிதாக வரும் பணத்தில் நியாயமான ஒரு பங்கு. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்களின் நேரமும் அறிவும் குறைவு, எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஆராய முடியாது, ஆகவே மாறுகிற பகுதியை மட்டும் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது அவர் வாதம். எதிர்த் தரப்பின் கேள்வியும் பழையதுதான். ஒரு டாலரை ஒரு வேலைக்குத் தராமல் இன்னொரு வேலைக்குத் தருவது எந்த அடிப்படையில் என்று 1940-லேயே வி.ஓ. கீ என்ற அறிஞர் கேட்டு, பட்ஜெட்டுக்கு ஒரு கோட்பாடே இல்லை என்று குறைப்பட்டிருந்தார்.

கீயின் கேள்விக்கு முதல் பெரிய சோதனை வாஷிங்டனில் நடந்தது. 1964 நிதியாண்டு பட்ஜெட்டுக்காக அமெரிக்க வேளாண் துறை தன் திட்டங்கள் அனைத்தையும் அடியிலிருந்து நியாயப்படுத்தும்படி தன் பிரிவுகளைக் கேட்டது. வில்டாவ்ஸ்கியும் ஆர்தர் ஹாமனும் பிறகு அங்குள்ள அதிகாரிகளை நேரில் கண்டு பேசி எழுதிய ஆய்வு இன்றும் படிக்கச் சுவையானது. ஆயிரம் பேராவது ஆறு வாரங்கள் இதில் ஈடுபட்டிருந்தார்கள். நூற்றுக்கோடிக் கணக்கில் செலவழிக்கும் அந்தத் துறையில், இந்த முயற்சியால் ஏற்பட்டது என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய மாற்றம் சுமார் 2 லட்சம் டாலர். திட்டங்கள் சட்டத்தால் கட்டாயமானவை என்பதால் அவை ஏன் வேண்டும் என்று எழுதுவதே வீண் என்று அதிகாரிகள் கருதியிருந்தார்கள். ஆனாலும் பலர் அந்த அனுபவம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். தாங்கள் செய்யும் வேலையைப் பற்றி யாரோ அக்கறையோடு கேட்டதே அவர்களுக்குப் பிடித்திருந்தது போலும்.

இந்தச் சோதனை பலருக்கும் மறந்துபோன பிறகு, அதே எண்ணம் தனியார் நிறுவனத்தின் வாசல் வழியாகத் திரும்பி வந்தது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பைர் இந்த முறையைச் செயல்படுத்தி, 1970-ன் கடைசியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர். நிலக்கடலை விவசாயி, கடற்படையில் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் வேலை செய்த பொறியாளர், அப்போதுதான் ஜார்ஜியா ஆளுநர் தேர்தலில் வென்றிருந்தவர். அமெரிக்க மாநில ஆளுநர் நம் ஊர் ஆளுநர் போல நியமிக்கப்படுகிறவர் அல்ல. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர். 1971 ஜனவரியில் பதவியேற்ற கார்ட்டர், பைரையே ஆலோசகராக அழைத்துக்கொண்டார். 1973 நிதியாண்டுக்கான பட்ஜெட் புதிய முறையில் தயாரானது. ஒரு மாநில அரசு முழுவதும் பூஜ்ய அடிப்படைக்கு வந்தது அதுவே முதல் முறை.

முறை இதுதான். ஒவ்வொரு துறையும் தன் வேலைகளைச் சிறு அலகுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அலகுக்கும் காற்று ஆய்வுக்கூடம் செய்ததுபோல முடிவுத் தொகுப்புகள் எழுத வேண்டும்: குறைந்தபட்ச அளவு, நடப்பு அளவு, விரிவாக்கம். பிறகு அலுவலர் தன் தொகுப்புகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவார். அவருக்கு மேலே உள்ளவர் தன் கீழுள்ள எல்லா வரிசைகளையும் கலந்து ஒரே வரிசை ஆக்குவார். அது துறைத் தலைவர் வரை ஏறும். வருவாய் எங்கே தீர்கிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உள்ளவற்றுக்குப் பணம், கீழே உள்ளவற்றுக்கு இல்லை.

தாளில் இது குறையற்ற இயந்திரம்.

ஜார்ஜியாவில் ஏறத்தாழ 10,000 முடிவுத் தொகுப்புகள் குவிந்தன. ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ராபர்ட் ஆன்டனி, கார்ட்டர் அதிபரான பிறகு 1977 ஏப்ரலில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் இந்த எண்ணிக்கையை வைத்து ஒரு எளிய கணக்குப் போட்டார். ஆளுநர் தினமும் நான்கு மணி நேரம் ஒதுக்கி இரண்டு மாதம் உட்கார்ந்தாலும் ஒரு தொகுப்புக்குக் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம். தாளைப் படிப்பதற்கே அது போதாது, எடைபோடுவது எங்கே? பூஜ்ய அடிப்படை பட்ஜெட் ஒரு மோசடி என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். மோசடி என்பது கடுமையான சொல். ஏமாற்றும் நோக்கம் கார்ட்டருக்கு இருந்ததாகச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஆன்டனியின் கணக்கில் பிழை இல்லை.

கணக்கைவிடக் கூர்மையான சோதனை ஒன்றும் ஜார்ஜியாவிலேயே நடந்தது. வரிசைப்படுத்தலின் பயனே வருவாய் ஏறினாலும் இறங்கினாலும் கோட்டை நகர்த்தினால் போதும் என்பதுதான். வருவாய் மதிப்பீடு 1974 நிதியாண்டுக்கு உயர்ந்தது, 1975-க்குக் குறைந்தது. இரண்டு முறையும் கோடு நகரவில்லை. பெரும்பாலான துறைகளிடம் புதிதாகத் தொகுப்புகள் கேட்கப்பட்டன. முன்பு வரிசைப்படுத்தி அடுக்கிவைத்த ஆயிரக்கணக்கான தாள்கள், அவற்றுக்குத் தேவை வந்த வேளையில் பயன்படவில்லை.

ஜார்ஜ் மின்மியர் என்ற ஆய்வாளர் அந்தக் காலத்திலேயே ஜார்ஜியாவின் பட்ஜெட் ஆய்வாளர்கள் 32 பேரையும் துறைத் தலைவர்கள் 13 பேரையும் விசாரித்தார். புதிய முறையால் பணம் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறியதா என்ற கேள்விக்கு, ஆய்வாளர்களில் 21 பேர் அப்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஓரளவு மாறியது என்றவர்கள் 7 பேர். 4 பேருக்கு உறுதியில்லை. பெரிய அளவில் மாறியது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. துறைத் தலைவர்களில் இருவர் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கலாம் என்றார்கள். தாமஸ் லாத் 1978-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது: வடிவம் பூஜ்யம், நடைமுறை பழைய கூட்டல்.

ஏன்? தாள் அதிகம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஜார்ஜியாவின் அரசமைப்பிலும் சட்டப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் மோட்டார் எரிபொருள் வரி சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே போக வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. அதை வேறு வேலையோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. பள்ளிகளுக்கான மாநில நிதி மாணவர் எண்ணிக்கையை வைத்துச் சூத்திரப்படி ஓடுகிறது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டில் மத்திய அரசின் விதிகளும் பங்குத் தொகையும் சேர்ந்தே வருகின்றன. மாநிலம் ஒரு டாலரை வெட்டினால் வாஷிங்டன் தரும் டாலர்களும் போய்விடும். கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது. பின்னாளில் 1993-ல் லாட்டரி வந்தபோது அந்தப் பணமும் கல்விக்கே என்று கட்டப்பட்டது. இவற்றையெல்லாம் தள்ளினால் உண்மையிலேயே பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடிய செலவு சிறு பகுதி. காற்று ஆய்வுக்கூடம் போன்ற சின்னச் சின்ன அலகுகள் அந்தச் சிறு பகுதிக்குள்தான் இருக்கின்றன. பத்தாயிரம் தாளில் பெரும்பாலானவை ஏற்கெனவே முடிவான செலவுக்கு எழுதப்பட்ட நியாயங்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அதிகாரிகளின் கைத்திறனையும் சொல்லாமல் விடக்கூடாது. வரிசைப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் தனக்குப் பிடித்த, ஆனால் சட்டமன்றத்துக்கு அலுப்பூட்டும் திட்டங்களை மேலே வைப்பார். மக்கள் விரும்புகிற, எந்த அரசியல்வாதியும் வெட்டத் துணியாத திட்டத்தைக் கோட்டுக்குக் கீழே போடுவார். கோட்டை இறக்கி அதற்குப் பணம் தேடித் தர வேண்டியது ஆளுநரின் பாடு. பட்ஜெட் எழுத்தில் இது பழகிப்போன தந்திரம். உலகத்து நிதித் துறைகள் எல்லாவற்றுக்கும் இதன் ஏதோ ஒரு வகை தெரியும். குறைந்தபட்ச அளவு என்ற கட்டத்திலும் இதே விளையாட்டு. பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள் என்றால் அலுவலர்கள் நடப்புச் செலவில் 80 அல்லது 90 சதவீதத்தைக் குறைந்தபட்சம் என்று எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் அது பூஜ்யமா, வேறு பெயரில் பழைய அடித்தளமா?

ஆனால் இந்த முறை முழுத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவதும் சரியல்ல. மின்மியர் கண்ட நல்ல விஷயங்களில் இரண்டு: திட்டமிடல் பட்ஜெட்டுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது; துறைக்குள் என்ன நடக்கிறது என்ற தகவல் மேலே வந்தது. கீழ்நிலை அலுவலர் தன் வேலைக்கு எவ்வளவு ஆகிறது, வேறு வழியில் செய்தால் எவ்வளவு ஆகும் என்று முதல் முறையாக எழுதிப் பார்த்தார். இது சிறிய ஆதாயம் அல்ல. ஆனால் அந்த ஆதாயம் முதல் ஆண்டில்தான் அதிகம். ஆய்வுக்கூடத்தின் கதை அடுத்த ஆண்டுக்குள் மாறிவிடாது. இரண்டாம் ஆண்டு வந்த தொகுப்பு பெரும்பாலும் முதல் ஆண்டுத் தொகுப்பில் எண்களை மட்டும் மாற்றியதாகவே இருக்கும்.

கார்ட்டர் ஜார்ஜியாவில் சாதித்ததாகச் சொல்லப்படுபவற்றில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சுமார் 300 அரசு அமைப்புகளை 22 ஆகச் சுருக்கினார் என்பது அவர் தேர்தல் மேடைகளில் அடிக்கடி ஒலித்த பெருமை. அது சட்டமன்றத்தோடு மல்லுக்கட்டி நடத்திய நிர்வாகச் சீரமைப்பு. பட்ஜெட் முறை அதைச் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது பூஜ்ய அடிப்படைக்குத் தகுதிக்கு மேல் புகழ் கிடைத்தது. டெக்ஸஸும் நியூ ஜெர்சியும் இன்னும் சில மாநிலங்களும் 1970-களில் இதைக் கையில் எடுத்தன. 1977 பிப்ரவரியில், பதவியேற்ற மறுமாதமே, அதிபர் கார்ட்டர் மத்திய அரசுத் துறைகள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கினார். 1979 நிதியாண்டு பட்ஜெட் அப்படித் தயாரானது. 1981-ல் ரீகன் ஆட்சி அதைக் கைவிட்டது. யாரும் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தியாவுக்கும் இந்த அலை 1980-களின் நடுவில் வந்தது. மத்திய அரசு 1986-ல் தன் அமைச்சகங்களிடம் இந்த முறையைக் கடைப்பிடிக்கச் சொன்னது. மகாராஷ்டிரம் ஏறக்குறைய அதே சமயத்தில் மாநில அளவில் அறிவித்தது. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் வருவாயின் பெரும் பகுதியை முதலிலேயே எடுத்துக்கொள்ளும் நம் மாநிலங்களில் இது ஜார்ஜியாவைவிடவும் குறுகிய இடத்தில் நடக்க வேண்டிய காரியம். அறிவிப்பு பெரிதாக இருந்த அளவுக்கு ஒதுக்கீடுகள் மாறவில்லை.

ஜார்ஜியாவின் பிற்காலம்தான் அதிகம் சொல்லித் தருகிறது. கார்ட்டருக்குப் பின் வந்த ஆளுநர்கள் பூஜ்ய அடிப்படையின் படிவங்களைச் சுருக்கிச் சுருக்கி வைத்திருந்தார்கள். 1990-களின் நடுவில் ஆளுநர் ஸெல் மில்லர் வேறொரு கருவியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு துறையும் தன் பட்ஜெட்டில் குறைந்தது 5 சதவீதத்தைக் குறைந்த முக்கியத்துவம் உள்ள வேலையிலிருந்து எடுத்து அதிக முக்கியத்துவம் உள்ள வேலைக்கு மாற்றிக் காட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் நியாயப்படுத்துங்கள் என்று கேட்கவில்லை. உங்களுக்கே மதிப்பில்லாத ஐந்து சதவீதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். அலுவலருக்கு இது பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஏமாற்றவும் இதில் இடம் இருக்கிறது, ஆனால் பத்தாயிரம் தாளுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

பிறகு 2008 நெருக்கடி வந்து மாநிலங்களின் வருவாய் சரிந்தபோது பூஜ்ய அடிப்படை என்ற பெயர் மறுபடியும் சட்டமன்றங்களில் கேட்கத் தொடங்கியது. ஜார்ஜியாவிலும் ஆளுநர் நேதன் டீல் 2012-ல் அதற்கெனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயர் கார்ட்டர் காலத்துப் பெயரேதான். உள்ளே இருந்த ஏற்பாடு வேறு: ஒவ்வொரு திட்டத்தையும் பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது அடியிலிருந்து ஆராய வேண்டும். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நாற்பது ஆண்டுக்கு முன் கார்ட்டர் ஒரே ஆண்டில் செய்ய முயன்றதை அதே மாநிலம் பத்து ஆண்டுக்குப் பரப்பிக்கொண்டது. ஆன்டனியின் கணக்குக்கு ஜார்ஜியா தந்த பதில் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

பெயரை மாற்றி இதையே இன்னும் கூர்மையாகச் செய்தது டெக்ஸஸ். 1976-ல் கொலராடோ முதன்முதலாக அந்தி வேளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது: ஓர் அமைப்பின் ஆயுள் குறிப்பிட்ட நாளில் முடியும், சட்டமன்றம் புதுப்பித்தால்தான் தொடரும். மறு ஆண்டே டெக்ஸஸ் அதைப் பின்பற்றி, ஆய்வுக்குத் தனி ஆணையம் ஒன்றையும் அமைத்தது. வழக்கமாக ஓர் அமைப்பின் முறை 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆணையத்தின் சொந்தப் பணியாளர்கள் மாதக்கணக்கில் அந்த அமைப்பை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார்கள், பொது விசாரணை நடக்கும், சட்டமன்றம் முடிவெடுக்கும். எதுவும் செய்யாமல் இருந்தால் அமைப்பு தானாக மூடப்படும். பூஜ்ய அடிப்படையில் இல்லாத இரண்டு விஷயங்கள் இங்கே இருக்கின்றன. நியாயத்தை எழுதுவது அந்த அமைப்பு மட்டும் அல்ல, வெளியே நிற்கும் ஆய்வாளரும் எழுதுகிறார். பூஜ்யம் என்பதும் இங்கே உண்மையான பூஜ்யம்; பல அமைப்புகள் இந்த வழியில் உண்மையிலேயே கலைக்கப்பட்டிருக்கின்றன, பல வேறொன்றோடு இணைக்கப்பட்டிருக்கின்றன.

டெக்ஸஸ் முறைக்கும் குறை உண்டு. யாருடைய தொழிலை எந்த வாரியம் கட்டுப்படுத்துகிறதோ அந்தத் தொழிலின் செல்வாக்காளர்கள் ஆய்வு ஆண்டில் தலைநகர் ஆஸ்டினில் வந்து குவிவார்கள். கலைக்கப்படுபவை பெரும்பாலும் சிறிய அமைப்புகள். பெரிய துறைகள் திருத்தங்களோடு பிழைத்துக்கொள்கின்றன. ஆனாலும் ஓர் அமைப்பு ஏன் இருக்கிறது என்ற கேள்வி பொதுமேடையில், போதுமான நேரத்தோடு கேட்கப்படுகிறது.

பூஜ்ய அடிப்படையின் கேள்வி நல்ல கேள்வி; அதை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அலுவலரிடமும் ஒரே சமயத்தில் கேட்டதுதான் பிழை. பட்ஜெட் காலத்தில் ஓர் அரசிடம் மிக அரிதாக இருப்பது தலைவர்களின் கவனம். பணத்தைக்கூடக் கடன் வாங்கலாம், கவனத்தை வாங்க முடியாது. ஆண்டுக்கு ஐந்தாறு அமைப்புகளை எடுத்து, காற்று ஆய்வுக்கூடம் எழுதியதுபோல மூன்று படிகளாக எழுதச் சொல்லி, அதை வெளியாள் ஒருவர் சரிபார்த்து, சட்டமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து படித்தால், பத்தாயிரம் தாளில் கிடைக்காத பயன் கிடைக்கும்.

இனி எந்த அரசாவது பூஜ்ய அடிப்படை பட்ஜெட் என்று அறிவிக்கும்போது வாசகர்கள் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆண்டு ஆராயப்படப் போகும் அமைப்புகள் எத்தனை? குறைந்தபட்ச அளவு என்பது நடப்புச் செலவில் எத்தனை சதவீதம்? துறை எழுதும் நியாயத்தை வெளியிலிருந்து சரிபார்ப்பவர் யார்? அந்தத் தாள்கள் சட்டமன்றத்தில் வைக்கப்படுமா? எல்லாத் துறைகளையும் ஒரே ஆண்டில் ஆராயப்போகிறோம் என்பதே முதல் கேள்விக்குப் பதிலாக வந்தால், மற்ற மூன்றுக்கும் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.